போத்தலில் உள்ள எசென்சும் பாடப்புத்தகத்துச் சாராம்சமும் ஒன்றா?

நீர் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். உம்மைப் போல மற்றப் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள். கேக் அடிக்கும்போது அம்மா “வனிலா எசென்ஸ் ஒரு மூடி விடு” என்கிறா. உயர்தர அளவையியல் (தர்க்கம்) வகுப்பில் சேர், எசென்ஸ் என்றால் சாராம்சம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார். முகநூலில் ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று சின்னச் சின்னப் போத்தல்களில் விற்கிறார்கள். அதே போத்தலில் ஆங்கிலத்தில் எசென்ஷியல் என்று இருக்கிறது. அம்மம்மாவின் கிளினிக் கொப்பியிலோ ‘எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்’. இந்த நாலும் ஒரே சொல்தானா, அப்படியென்றால் அதற்குச் சரியான தமிழ் எது? இதுதான் உம்முடைய கேள்வி.

பிறப்பால் ஒரே சொல்தான். ஆனால் ஒரு வீட்டில் பிறந்து மூன்று ஊருக்கு வாழ்க்கைப்பட்ட சொல். மூன்று ஊரிலும் அதற்கு வேறு வேறு வேலை. மூன்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டால் ஏதாவது ஓரிடத்தில் பிழைக்கும். சில இடங்களில் அந்தப் பிழை ஆபத்தாகவும் முடியும். நான் இரசாயனவியல் படிப்பித்தவன். ஓய்வு பெற்ற பிறகு மருத்துவக் கட்டுரைகளை மொழிபெயர்க்கிறேன். இந்தச் சொல்லோடு எனக்குப் பல வருசப் பழக்கம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

சொல்லின் தாய்வீடு இலத்தீன். ‘எஸ்ஸெ’ என்றால் இருத்தல். அதிலிருந்து ‘எஸ்ஸென்ஸியா’ என்று ஒரு சொல்லை உண்டாக்கினார்கள். கிரேக்க மெய்யியலில் ‘ஊசியா’ என்று ஒரு சொல் இருந்தது. அதற்கு ஈடான சொல் இலத்தீனில் இல்லை. உரோம மெய்யியலாளர் செனெக்கா தன் கடிதம் ஒன்றில் இதற்காக மினக்கெட்டு, இந்தப் புதுச்சொல் காதுக்கு உறுத்தினாலும் பொறுத்துக்கொள், பேச்சில் பெயர்பெற்ற உரோமர் சிசெரோவே இதற்குச் சாட்சி என்று எழுதுகிறார். ஆக, எசென்ஸ் என்பதே மொழிபெயர்க்க வழியில்லாமல் உண்டாக்கிய கலைச்சொல். நாங்கள் இன்று படுகிற பாட்டை உரோமர் இரண்டாயிரம் வருசத்துக்கு முன்பே பட்டிருக்கிறார்கள்.

ஊசியா என்பதற்கு அன்றாடக் கிரேக்கப் பேச்சில் என்ன பொருள் தெரியுமா? சொத்து, உடைமை. புதிய ஏற்பாட்டில் ஊதாரி மகன் கதை வருகிறதே, லூக்கா 15 ஆம் அதிகாரம், இளைய மகன் தகப்பனிடம் சொத்தில் தன் பங்கைக் கேட்கிற இடம்; அங்கே கிரேக்க மூலத்தில் நிற்பது இந்த ஊசியாதான். மெய்யியலாளர் அதே சொல்லை எடுத்து, ஒன்று எதனால் அதுவாக இருக்கிறதோ அதற்குப் பெயராக வைத்தார்கள். இப்போது தமிழைப் பாரும். பொருள் என்றால் சொத்து. பொருள் என்றால் கண்முன் இருக்கிற வஸ்து. பொருள் என்றால் சொல்லின் கருத்து. சைவசித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் முப்பொருள். கிரேக்கர் ஒரு சொல்லுக்குள் அடக்கியதைத் தமிழர் யாரிடமும் கேளாமல் ஒரு சொல்லுக்குள் அடக்கியிருக்கிறார்கள். கி.பி. 325 இல் நைசியா என்ற இடத்தில் கூடிய திருச்சபை ஆயர்கள், கிறிஸ்து பிதாவோடு ஒரே ஊசியாவை உடையவர் என்று முடிவெடுத்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காகக் கிறிஸ்தவ உலகம் பல தசாப்தங்கள் பிளவுபட்டு நின்றது. கத்தோலிக்கத் தமிழில் அதைத் ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்கிறார்கள். யார் மொழிபெயர்த்தாரோ, கைகூப்ப வேண்டிய மொழிபெயர்ப்பு. ‘ஒரே சாராம்சமானவர்’ என்று போட்டிருந்தால் எவ்வளவு வெளிறிப்போயிருக்கும் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாரும்.

கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டோட்டில் இந்தக் கருத்துக்கு ஒரு கேள்வியின் வடிவம் கொடுத்தார். இன்னதாக இருப்பது என்றால் என்னவாக இருப்பது? குதிரைக்குக் கறுப்பு நிறம் இருக்கலாம், வெள்ளை நிறம் இருக்கலாம், நொண்டிக் குதிரையாகவும் இருக்கலாம், அது குதிரைதான். எதை எடுத்துவிட்டால் அது குதிரையே இல்லாமல் போகுமோ அதுதான் தேடவேண்டியது. பாரசீக மெய்யியலாளரும் வைத்தியருமான இப்னு சீனா (980–1037) அரபில் இதற்குப் பயன்படுத்திய சொல் ‘மாஹிய்யா’. ‘மா ஹிய’ என்றால் ‘அது என்ன?’ என்ற கேள்வி. கேள்வியே பெயர்ச்சொல்லாகிவிட்டது! அவர் இன்னொரு பெரிய வேலையும் செய்தார்: ஒன்று என்ன என்பது வேறு, அது இருக்கிறதா என்பது வேறு என்று இரண்டையும் பிரித்துக் காட்டினார். முக்கோணம் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்வதற்கு உலகத்தில் ஒரு முக்கோணமாவது இருக்கவேண்டும் என்றில்லை. 13 ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ் இந்தப் பிரிப்பை எடுத்துத் தன் இறையியலுக்கு அடித்தளமாக்கினார். உம்முடைய சேர் கரும்பலகையில் எழுதிய ‘சாராம்சம்’ இந்தப் பரம்பரையில் வருவது. இதைப் பிழிந்து எடுக்கவோ போத்தலில் அடைக்கவோ முடியாது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

போத்தலுக்குள் அது எப்படிப் போனது? அதற்கும் அரிஸ்டோட்டில்தான் வழிவிட்டார். மண், நீர், நெருப்பு, காற்று என்ற நாலும் பூமிக்கு. நிலவுக்கு மேலே உள்ள வானம் அழியாத ஐந்தாவது ஒன்றால் ஆனது என்றார். எங்கள் பஞ்சபூதத்தில் ஆகாயம் நம் உடம்புக்குள்ளும் இருக்கிறது. அவருடைய ஐந்தாவதோ வானத்தில் மட்டும். பிற்கால இலத்தீனில் அது ‘குயின்ரா எஸ்ஸென்ஸியா’, ஐந்தாம் பொருள். 14 ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ரூபசீசாவின் யோன் என்ற பிரான்சிஸ்கன் துறவி, வைனைத் திரும்பத் திரும்ப வடித்து எடுக்கிற திரவத்தில் இறைச்சியைப் போட்டால் அது அழுகவில்லை என்பதைக் கவனித்தார். அழியாத ஒன்று பூமியிலும் கிடைத்துவிட்டது என்று எண்ணினார். வடிகலத்தில் ஏற்றி இறக்கினால் எந்தப் பொருளிலிருந்தும் அதன் ஐந்தாம் பொருளை எடுக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து பரவியது. சுவிஸ் வைத்தியர் பரசெல்சஸ் (1493–1541) அதை மருந்துக்குக் கொண்டுபோனார். ‘இருத்தல்’ என்ற சொல் வடிகலத்தில் ஏறி ‘வடித்தெடுத்தது’ என்று இறங்கிய கதை இதுதான்.

இலங்கைத் தமிழில் அற்ககோலுக்குப் பாடப்புத்தகச் சொல் மதுசாரம். மதுவின் சாரம். இந்தச் சொல்லைப் பல வருசம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தத் துறவியின் எண்ணம் அப்படியே இதற்குள் இருக்கிறது என்று தெரிந்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிரான்சில் இருக்கிற சொந்தக்காரரைக் கேட்டால் இன்னொன்றும் சொல்லுவார்கள்: அங்கே பெற்றோலுக்குப் பெயரே ‘எசான்ஸ்’. மசகெண்ணெயை, அதாவது நிலத்திலிருந்து எடுக்கிற கச்சா எண்ணெயை, வடிக்கும்போது முதலில் ஆவியாகி வருகிற மெல்லிய பகுதி என்பதால் வந்த பெயர். ஒரே சொல்லில் அங்கே கார் ஓடுகிறது, இங்கே கேக் மணக்கிறது.

கேக் போத்தலுக்கு வருகிறேன். வனிலா ஒரு கொடி, ஓர்க்கிட் குடும்பம், தாயகம் மெக்சிக்கோ. வேறு தேசத்தில் நட்டால் பூக்கும், காய்க்காது. மகரந்தம் சேர்க்கிற பூச்சி அங்கே இல்லை. 1841 இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு சிறு குச்சியாலும் பெருவிரலாலும் பூவுக்குள் மகரந்தம் சேர்க்கிற வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் தோட்டங்களில் அவன் காட்டிய முறைதான். அந்தக் காயைப் பதப்படுத்தி மதுசாரத்தில் ஊறவைத்து எடுப்பது அசல் வடிசாறு. அதற்குள் மணப்பொருள்கள் 200க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் தலையானது வனிலின். 1874 இல் ஜேர்மனியில் தீமான், ஹார்மன் என்ற இரசாயனவியலாளர் இருவரும் வனிலினை ஊசியிலை மரத்திலிருந்து எடுத்த ஒரு பொருளைக் கொண்டு செய்துகாட்டினார்கள். இன்று உலகத்தில் விற்கிற வனிலினில் மிகப் பெரும்பகுதி வனிலாக் கொடியைக் கண்டதே இல்லை. உங்கள் குசினி றாக்கையில் இருக்கிற மலிவான போத்தலும் அநேகமாக அந்த வகைதான். ஆமண்ட் எசென்ஸ் பென்சல்டிகைட்டு. வாழைப்பழ எசென்ஸ், ஆய்வுகூடத்தில் நாங்கள் செய்துகாட்டுகிற எசுத்தர்களில் ஒன்று. 1851 இல் இலண்டன் மாபெரும் கண்காட்சியிலேயே இப்படிச் செய்த பழ எசென்சுகளை வைத்திருந்தார்கள். பழத்தைப் பிழிந்து எடுத்தது என்று தொடங்கிய சொல், கடைப்பேச்சில் பழமே இல்லாமல் செய்த மணம் என்று ஆகிவிட்டது. எசென்ஸ் கேடானது என்று இதற்கு அர்த்தமில்லை. வனிலின் எங்கிருந்து வந்தாலும் அந்த மூலக்கூறு ஒன்றுதான். ஆனால் அதைச் சாரம் என்று மொழிபெயர்த்தால் அது உண்மையாகாது. போத்தலில் எசென்ஸ் என்றே இருக்கட்டும். கடையில் நாங்கள் கேட்பதும் அப்படித்தானே.

வடித்தெடுத்ததைத்தான் ஒன்றின் எசென்ஸ் என்று சொல்லவேண்டும் என்று யாராவது வாதாடினால், கறுவா மரத்தை அவருக்குக் காட்டும். எங்கள் நாட்டுக் கறுவாவின் பட்டையை வடித்தால் வருவது பெரும்பாலும் சினமல்டிகைட்டு. அதுதான் எங்களுக்குத் தெரிந்த கறுவா வாசம். அதே மரத்தின் இலையை வடித்தால் வருவது பெரும்பாலும் இயூஜினோல். பல்லுக்குத்துக்குப் பஞ்சில் தொட்டுவைக்கிற கராம்பு எண்ணெயின் மணம். வேரின் பட்டையிலோ கற்பூரம். ஒரு மரம், மூன்று வாசம். இதில் எது கறுவாவின் சாரம்? வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் “எல்லாம் மரம் செய்கிறதுதானே சேர்” என்பார். அந்தப் பதிலில் மெய்யியலின் எசென்சுக்கும் வடிகலத்தின் எசென்சுக்கும் இடையில் உள்ள தூரம் முழுவதும் இருக்கிறது.

சாரம் என்ற சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் சாரம் என்றவுடன் இடுப்பில் கட்டுகிறதுதான் நினைவுக்கு வரும். அது மலாய் மொழியிலிருந்து வந்த வேறு சொல். எங்கள் சாரம் வடமொழி. அங்கே அதன் பழைய பொருள்களில் ஒன்று மரத்தின் வயிரம், நடுவே இறுகிக் கிடக்கிற பாகம். சித்த மருத்துவத்தில் உடலைக் கட்டுகிற ஏழு தாதுக்களில் முதலாவது சாரம்: உண்ட சோறு செரித்து முதலில் ஆவது. அதிலிருந்துதான் செந்நீர், ஊன், கொழுப்பு என்று மற்றவை. கியாழம் காய்ச்சுகிறவர்கள் எட்டொன்றாய் வற்றக் காய்ச்சச் சொல்லுவதும் அதே எண்ணந்தான்: எட்டுப் பங்கு நீர் வற்றி ஒரு பங்காகும்போது மூலிகையின் சாரம் அதில் இறங்கியிருக்கும். இந்த இடங்களிலெல்லாம் சாரம் அருமையான சொல். உள்ளே இருக்கிறது, எடுக்கலாம், குடிக்கலாம்.

ஆனால் உள்ளே இருப்பதுதான் ஒன்றை அதுவாக்குகிறது என்று எண்ணினால் எங்கள் பனை குறுக்கே நிற்கும். பனை தறிக்கிற இடத்தில் நின்று பார்த்திருப்பீரோ தெரியாது. வெளிவட்டம் கறுத்த நரம்போடி, கோடரி தெறிக்கிற வயிரம். நடுவே மெத்தென்ற சோற்றி. கூரைக்குப் போடுகிற தீராந்தியும் சிலாகையும் வெளியிலிருந்துதான் வருகின்றன. தொல்காப்பியர் இதைக் கண்டு, ‘புறக்காழ னவே புல்லென மொழிப’, ‘அகக்காழ னவே மரமென மொழிப’ என்று இரண்டு வரியில் வகுத்துவிட்டார். காழ் என்றால் வயிரம். வெளியே வயிரம் உள்ளது புல், உள்ளே வயிரம் உள்ளது மரம். பனை அவர் கணக்கில் புல்லினம்! இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்களுக்குள்தான் வைக்கிறது. உயரத்தைப் பார்க்காமல், பழத்தைப் பார்க்காமல், வயிரம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்து இனம் பிரித்த அந்தக் கண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான். எசென்ஸ் பற்றிய கேள்வியே அதுதானே: வகைப்படுத்தும்போது எந்தப் பண்பைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது?

தொல்காப்பியத்தில் இதைவிட நேரான இடம் ஒன்று இருக்கிறது. காதலைப் பாடுகிற அகப்பாட்டில் மூன்று அடுக்கு. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், பறவை, யாழ், தெய்வம் எல்லாம் கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்பன உரிப்பொருள். பிறகு ஒரு விதி: ‘உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே’. குறிஞ்சிப் பாட்டில் நெய்தல் பூ வரலாம், முல்லை நிலத்துப் பறவை வரலாம், பொழுதுகூட மாறி வரலாம். பாட்டு எந்தத் திணை என்பதை நிறுத்துவது உரி. குதிரையின் நிறம் மாறலாம், நொண்டலாம் என்று அரிஸ்டோட்டில் பிரித்த அதே பிரிப்பு இது. தமிழில் கவிதையைப் பற்றிப் பேசும்போது வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஓர் இராகத்துக்கு உயிரான சுரத்தைச் சங்கீதக்காரர் ஜீவஸ்வரம் என்பதும் இதற்குப் பக்கத்தில் உள்ளது. மற்றச் சுரங்களில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் இராகம் நிற்கும். அதில் தவறினால் இராகமே கைவிட்டுப் போகும்.

அதனால் மெய்யியலில் எசென்சுக்குச் ‘சாராம்சம்’ போடுவதை நான் விரும்புவதில்லை. சாரம், அம்சம் இரண்டும் சேர்ந்த சொல் அது. ஏதோ ஒரு பகுதி, ஒரு துண்டு என்ற எண்ணத்தைத் தரும். குதிரையின் குதிரைத்தன்மை குதிரையில் ஒரு துண்டா? அதோடு, பத்திரிகைத் தமிழில் சாராம்சம் என்பது ‘அமைச்சர் பேச்சின் சாராம்சம்’ என்று சுருக்கத்துக்குப் போய்விட்டது. இயல்பு என்று எழுதும். இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால் உரியியல்பு என்று எழுதிப் பாரும். பரீட்சையில் மட்டும் சேர் தந்த சொல்லையே எழுதும். புள்ளி போடுகிறவருக்கு அது பழகிய சொல்.

மூன்றாவது ஊர்தான் ஆபத்தான ஊர். அங்கே எசென்ஷியல் என்றால் ‘இது இல்லாமல் முடியாது’. அமினோ அமிலங்களில் 9 எங்களுக்கு எசென்ஷியல். உடம்பு அவற்றைச் செய்யாது, சாப்பாட்டில் வந்தாகவேண்டும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் நிறைய. பருப்பில் மெதியோனின் குறைவு, அரிசியில் அதைவிடப் பரவாயில்லை. சோறும் பருப்பும் சேர்த்துச் சாப்பிடுகிற எங்கள் வழக்கம் அந்தக் கணக்கில் நல்ல வழக்கம். இங்கே ‘அத்தியாவசிய அமினோ அமிலம்’ என்பது சரியான தமிழ். 1977 இல் உலக சுகாதார நிறுவனம் முதலில் வெளியிட்ட அத்தியாவசிய மருந்துகள் பட்டியலும் சரி. 1990களில், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, இங்கே யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அத்தியாவசியம் என்ற சொல்லின் கனம் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி என்று ஒவ்வொன்றுக்கும் வரிசையில் நின்ற சனத்துக்கு, எது இல்லாமல் இருக்கலாம், எது இல்லாமல் இருக்கமுடியாது என்பது நாளாந்தக் கணக்காக இருந்தது.

அந்தக் கனமான சொல்லைத் தூக்கிக் கறுவா எண்ணெய்க்கும் லவெண்டர் எண்ணெய்க்கும் போடுகிறார்கள். எசென்ஷியல் ஒயில் என்பதில் உள்ள எசென்ஷியல் மேலே சொன்ன ஐந்தாம் பொருளின் வழி வந்தது: தாவரத்தின் எசென்ஸ், அதாவது மணம், இதில் இறங்கியிருக்கிறது என்ற அர்த்தம். அது மனிதருக்கு அவசியம் என்று அந்தச் சொல் சொல்லவே இல்லை. ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று வாசிக்கிற ஒரு தாய், இது பிள்ளைக்குக் கட்டாயம் தேவையாக்கும் என்று நினைத்து வாங்கினால் யாரைக் குறைசொல்வது? செறிந்த எண்ணெய்கள் இவை. கைக்குழந்தையின் தோலில் நேரே தடவக்கூடாது, உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. ஆவியாகும் எண்ணெய் என்றோ நறுமண எண்ணெய் என்றோ எழுதினால் போதும். வடிதைலம் என்றால் எங்கள் பரியாரிமாருக்கும் உடனே விளங்கும்.

இதைவிட எனக்கு நெஞ்சைச் சுட்டது இன்னொரு சம்பவம். சில வருசத்துக்கு முன் ஒரு சுகாதாரத் துண்டுப்பிரசுரம் எங்கள் பக்கம் வந்தது. அதில் ‘அத்தியாவசிய உயர் இரத்த அழுத்தம்’ என்று அச்சடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி அதைக் கொண்டுவந்து காட்டி, “தம்பி, அத்தியாவசியமெண்டால் உடம்புக்குத் தேவையெண்டுதானே? பிறகேன் குளிசை போட்டுக் குறைக்கச் சொல்லுகினம்?” என்று கேட்டா. இரண்டு கிழமையாக அவ குளிசை போடவில்லை. நல்ல வேளை, கேட்க வந்தா.

ஆச்சி கேட்ட கேள்வியை மருத்துவர்களும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறார்கள். மருத்துவத்தில் ஒரு நோய்க்கு எசென்ஷியல் என்ற அடைமொழி வந்தால், வேறொரு நோயின் விளைவாக வந்தது அல்ல, தானே நிற்கிறது, குறித்த ஒரு காரணத்தைச் சுட்டமுடியவில்லை என்று கருத்து. சிறுநீரக நோயாலோ சுரப்பிக் கோளாறாலோ அழுத்தம் ஏறினால் அது இரண்டாம் நிலை. அப்படி ஒன்றும் அகப்படாவிட்டால் எசென்ஷியல். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வகைதான். ஆனால் அந்தச் சொல்லே சிலரை வழிமாற்றியது. இறுகிப்போன குழாய்க்குள்ளால் இரத்தத்தைத் தள்ள இந்த அழுத்தம் உடம்புக்கு வேண்டியதுதான், அதில் கைவைக்காமல் விடுவதே நல்லது என்று 1930களில்கூடப் பெயர்பெற்ற மருத்துவர்கள் எழுதினார்கள். பிந்திய ஆய்வுகள் அதைப் பிழையென்று காட்டின. அழுத்தத்தைக் குறைத்தால் பாரிசவாதமும் மாரடைப்பும் குறைகின்றன. இன்று ஆங்கிலத்திலேயே ‘பிரைமரி’ என்ற சொல்லை விரும்புகிறார்கள். தமிழில் முதன்மை உயர் இரத்த அழுத்தம் என்று எழுதினால் யாரும் குழம்பமாட்டார்கள். நடுக்கத்துக்குச் சொல்லுகிற எசென்ஷியல் ட்ரெமரும் இப்படித்தான்: நடுங்குவது அவசியம் என்று யாரும் விளங்கிவிடக்கூடாது.

சட்டத்தில் இந்தச் சொல் எவ்வளவு துப்புரவாக நிற்கிறது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் நாட்டுப் பொதுச் சட்டத்தின் அடி உரோம டச்சுச் சட்டம். அது ஒரு ஒப்பந்தத்தின் கூறுகளை மூன்றாகப் பிரிக்கும். இது இல்லாவிட்டால் இந்த ஒப்பந்தமே இல்லை என்பது ஒன்று. நீங்கள் சொல்லாவிட்டாலும் சட்டம் தானே சேர்த்துக்கொள்வது இரண்டாவது. நீங்கள் விரும்பிச் சேர்ப்பது மூன்றாவது. முதலாவதன் இலத்தீன் பெயர் எசென்ஷியாலியா. விற்பனைக்கு அது என்ன? விற்கிற பொருளும் விலையும். ஒரு காணியை எழுதிக் கொடுக்கிறீர், விலையே இல்லை என்றால் அது நன்கொடை, விற்பனை ஆகாது. விற்றவர் வாங்கியவருக்கு அந்தக் காணியில் பங்கமில்லாத அனுபவத்தை உறுதிசெய்யவேண்டும் என்பது இரண்டாம் வகை. கிணற்றுப் பங்கு, மாமரத்துக் காய் என்று நாங்கள் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதுவிக்கிறதெல்லாம் மூன்றாம் வகை. உரிப்பொருள், முதற்பொருள், கருப்பொருள் என்ற அடுக்கோடு இது முற்றாகப் பொருந்தாது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் அளவையியலில் உமக்கு உதவும்.

வானியலில் 1998 அளவில் பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்துவது எது என்பதற்கு வைத்த கருதுகோள்களில் ஒன்றுக்கு ‘குயின்ரெசென்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பழைய ஐந்தாம் பொருளே திரும்பவும் வானத்துக்குப் போயிருக்கிறது. அது கருதுகோள் மட்டுமே.

உம்முடைய சேர் பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்தரைப் பற்றியும் சொல்லியிருப்பார். 1945 ஒக்ரோபரில் பரிஸ் நகரில் ஆற்றிய உரையில் சார்த்தர் கடதாசி வெட்டுகிற கத்தி ஒன்றை உதாரணம் காட்டினார். அதைச் செய்தவனின் மனதில் அது எதற்கு, எப்படி என்ற எண்ணம் முதலில் இருந்தது. கத்தி பிறகு வந்தது. மனிதனுக்கு அப்படி முன்கூட்டி எழுதிய இயல்பு இல்லை. முதலில் இருக்கிறான், பிறகு தன்னைத் தானே ஆக்குகிறான். ‘இருப்பு இயல்புக்கு முந்தியது.’ சைவசித்தாந்தம் படித்த எங்களுக்கு இதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்று இருக்கிறது. ஆன்மாவின் சிறப்பியல்பு ‘சார்ந்ததன் வண்ணமாதல்’. பளிங்குக்குப் பக்கத்தில் செம்பருத்தியை வைத்தால் பளிங்கு சிவக்கும். மலத்தை, அதாவது உயிரைப் பற்றிய அழுக்கை, சார்ந்தால் ஆன்மா மலத்தின் வண்ணம், சிவத்தைச் சார்ந்தால் சிவத்தின் வண்ணம். சார்த்தர் இயல்பே இல்லை என்கிறார். சித்தாந்தம் இயல்பு உண்டு, எதைச் சார்கிறதோ அதுவாதலே அந்த இயல்பு என்கிறது. எனக்குச் சித்தாந்தம் சொல்வது வாழ்க்கைக்குக் கிட்டவாகப் படுகிறது. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு நல்ல சிநேகிதம் ஒரு பிள்ளையை எப்படி மாற்றுகிறது என்று பார்த்தவன் நான். ஆனால் சார்த்தர் கடவுளை வைக்காமல் யோசித்தவர் என்பதையும், இரண்டும் இரண்டு அடித்தளம் என்பதையும் விடையில் எழுத மறக்கவேண்டாம்.

ஒரு சொல் வந்தால் நான் எப்படித் தீர்மானிக்கிறேன் என்று கேட்டால், மூன்று கேள்வி கேட்பேன். இதைப் பிழியலாமா, வடிக்கலாமா? ஆமென்றால் சாறு, சாரம், தைலம். இதை எடுத்தால் அந்தப் பொருள் அதுவாக இல்லாமல் போகுமா? ஆமென்றால் இயல்பு, உரி, சில இடத்தில் பொருள். இது இல்லாவிட்டால் எங்களுக்கு முடியாதா? ஆமென்றால் அத்தியாவசியம், இன்றியமையாதது. மூன்றுக்கும் இல்லையென்று வந்தால் அது அம்மம்மாவின் கொப்பியில் உள்ளதைப் போல மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய சொல். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் கிறீன் வைத்தியர் 1875 இல் வெளியிட்ட இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர் வைத்தார். ஒலிபெயர்ப்பதில் அவருக்குக் கூச்சமில்லை. தமிழில் சொல் கிடைத்த இடத்தில் தமிழையும் விடவில்லை. போத்தலுக்கு எசென்ஸ், பாடத்துக்கு இயல்பு என்று இரண்டு விதமாக எழுதுவதில் உமக்கும் கூச்சம் வேண்டாம்.

அம்மம்மாவிடம் இன்றைக்கே போய்ச் சொல்லும்: கொப்பியில் உள்ள அந்தச் சொல்லுக்கு ‘தேவையான அழுத்தம்’ என்று அர்த்தமில்லை, வேறு நோயால் வந்தது அல்ல என்று மட்டுந்தான் அர்த்தம். குளிசையை விடவேண்டாம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது நீரும் கூடப் போய், கொப்பியில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் ‘முதன்மை’ என்று எழுதித்தரும்படி கேளும்.